முள் இறங்கிய அந்தப் பத்து கிலோமீட்டர்

கேள்வி: என்னுடையது 14 வருடம் ஆன சின்ன ஹேட்ச்பேக். 1.2 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர். 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன மாதம் நெடுஞ்சாலையில் போகும்போது டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்டலாமா என்று யோசிப்பதற்குள் தானாகவே இறங்கிவிட்டது. சரியாகிவிட்டது என்று நினைத்து இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டினேன். வீட்டை நெருங்கும்போது கரகரவென்று சத்தம் வந்து வண்டி நின்றுவிட்டது. இப்போது சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது, அதாவது உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டது என்கிறார் மெக்கானிக். இன்ஜினை முழுக்கப் பிரித்து ஓவர்ஹால் செய்யலாம், வேறு வண்டியின் பழைய இன்ஜின் வாங்கி மாட்டலாம், இல்லாவிட்டால் வண்டியை உடைக்கக் கொடுத்துவிடலாம் என்று மூன்று வழி சொன்னார். கையில் பணம் குறைவு. கடன் வாங்கி வேறு வண்டி எடுக்கவும் விருப்பமில்லை. எதைச் செய்வது? எப்படியும் மாற்றத்தான் போகிறோம், அதே கம்பெனியின் 1.4 லிட்டர் இன்ஜினைப் போட்டால் என்ன? என் அக்கா மகனுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். நாங்கள் இருவரும் சேர்ந்தே இந்த வேலையைச் செய்துவிடலாமா?

பதில்: வணக்கம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒரே ஒரு வரி. ‘தானாகவே இறங்கிவிட்டது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி.

டெம்பரேச்சர் சென்சார், இன்ஜினைக் குளிர வைக்கும் திரவமான கூலன்ட்டுக்குள் முங்கியிருந்தால்தான் சரியான சூட்டைச் சொல்லும். கூலன்ட் முழுக்க வெளியே போய்விட்டால் அதன் நுனி வெறும் ஆவியிலும் காற்றிலும் நிற்கும். காற்று, தண்ணீரைப் போலச் சூட்டைக் கடத்தாது. அதனால் பல வண்டிகளில் இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் நிதானமாகக் கீழே இறங்கும். ரேடியேட்டர் ஃபேனுக்கும் அதே சென்சாரோ பக்கத்தில் இருக்கும் இன்னொரு சென்சாரோதான் உத்தரவு கொடுக்கிறது என்பதால் அதுவும் ஓடாமல் நின்றுவிடும். நீங்கள் பிழைத்தோம் என்று நினைத்த நிமிடத்தில் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்திருக்காது. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. முள் இறங்கினால் யாருக்கும் நிம்மதியாகத்தான் இருக்கும்.

இதிலிருந்து தெரிவது என்னவென்றால், உங்கள் இன்ஜின் வயதாகிச் சாகவில்லை. கூலன்ட் எங்கோ ஒழுகியிருக்கிறது. ஒழுகிய இடம் இன்ஜினில் இல்லாவிட்டால், அது இன்னும் உங்கள் வண்டியில்தான் இருக்கிறது. ரேடியேட்டராக இருக்கலாம், ஹோஸாக இருக்கலாம், ஹீட்டராக இருக்கலாம். இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டு அதை அப்படியே விட்டால் புதிதாக வருகிற இன்ஜினுக்கும் இதே கதிதான். இன்ஜின் மாற்றி ஆறே மாதத்தில் திரும்பி வந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான்.

சரி, முதலில் செத்தது உண்மைதானா என்று பார்த்துவிடுவோம். அரை மணி நேர வேலை, செலவும் இல்லை. ‘டக்’ என்ற சத்தம் பேட்டரி இறங்கிப் போனாலும் வரும், செல்ஃப் மோட்டார் பழுதானாலும் வரும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் எடுங்கள். ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர் இவற்றைச் சுற்றும் பெல்ட்டையும் கழற்றுங்கள். கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் சாக்கெட்டை மாட்டி, இன்ஜின் வழக்கமாகச் சுற்றும் திசையிலேயே கையால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். பிளக் எடுத்த இன்ஜின் சுலபமாகச் சுற்ற வேண்டும். பெல்ட்டைக் கழற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை ‘சீஸ்’ என்று கட்டி இழுத்து வந்த வண்டியில் பிடித்துக்கொண்டிருந்தது ஆல்டர்னேட்டர் பேரிங். அந்த இன்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை. பிளக்கை எடுக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போய் சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கியிருந்தாலும் இன்ஜின் சுற்றாது. தண்ணீரை அமுக்க முடியாதே. பிளக் துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்தால் கதையே வேறு. திருப்பும்போது முகத்தை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றினால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம், எவ்வளவு என்று கேஜ் வைத்துப் பாருங்கள். சின்னப் பெட்ரோல் இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு 10 முதல் 14 பார் வரை இருக்கும். உங்கள் மாடலுக்கு உரிய அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது. அந்த எண்ணைவிட முக்கியம், நான்கு சிலிண்டர்களுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம். 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் படுத்திருந்தால் அவற்றுக்கு நடுவில் கேஸ்கட் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் ஹெட் வேலையோடு தப்பித்துவிடலாம். ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி அடிப்பரப்பைச் சீவித் தட்டையாக்கி (ஃபேசிங்), புது கேஸ்கட், புது ஹெட் போல்ட் போட்டு முடிக்கலாம். பல இன்ஜின்களில் ஹெட் போல்ட் இறுக்கும்போதே இழுபட்டு நீள்கிற வகை. அதைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. அதில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

சுற்றவில்லை என்றால், பைப் போட்டு நெம்பாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் கரகர சத்தத்தையும் பத்து கிலோமீட்டரையும் வைத்துப் பார்த்தால் உங்கள் மெக்கானிக் சொல்வது சரியாகத்தான் இருக்கும். அலுமினியம், வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் சுவர் இரும்பு. கூலன்ட் இல்லாதபோது பிஸ்டன் வீங்கிச் சுவரில் உரசிக் கீறி அப்படியே பிடித்துக்கொள்ளும். ஆயிலும் அந்தச் சூட்டில் தண்ணீராய் இளகி பேரிங்குகளைக் கைவிட்டுவிடும். ஆயிலை வடித்து, ஃபில்டரை அறுத்து, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை வெயிலில் விரித்துப் பாருங்கள். வெள்ளித் தூள் மினுங்கினால் பிஸ்டன் அல்லது பேரிங். செம்பு நிறமும் சேர்ந்து தெரிந்தால் பேரிங் உள்ளடுக்கு வரை தேய்ந்துவிட்டது. அதற்கப்புறம் அந்த இன்ஜினுக்காகப் பணம் எடுத்து வைக்க வேண்டாம்.

அப்போது ஓவர்ஹாலா, பழைய இன்ஜினா? உங்கள் நிலைமையில் நான் பழைய இன்ஜின் என்றுதான் சொல்வேன். ஓவர்ஹால் தப்பான வேலை இல்லை, நன்றாகச் செய்தால் அதுதான் நெடுநாள் உழைக்கும். ஆனால் அதன் செலவை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி (போரிங்) 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். கிராங்க்கைப் பார்த்தால் அதையும் கிரைண்டிங் செய்யச் சொல்வார்கள். ஹெட்டைத் தட்டையான பட்டை வைத்துப் பார்த்தால் வளைந்திருக்கும். அனுமதி 0.05 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும், ஒரு தலைமுடி கனம் கூடக் கிடையாது. ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பிரிக்க பில் நீளும். கையில் எண்ணி வைத்த பணம் இருப்பவருக்கு இது சரிப்படாது. உங்கள் மாடலுக்குப் பழைய இன்ஜினே கிடைக்காது என்றாலோ, இன்னும் பத்து வருடம் இதே வண்டிதான் என்றாலோ மட்டும் ஓவர்ஹாலை யோசியுங்கள்.

மூன்றாவது வழியையும் தள்ளிவிட வேண்டாம். ‘இந்த வண்டியின் விலையைவிட இன்ஜின் செலவு அதிகம்’ என்று நாலு பேர் சொல்வார்கள். கணக்கு அப்படி இல்லை. செத்த வண்டியை விற்றால் வருவது, அதோடு இன்ஜின் மாற்றத் தேவையான தொகை, இரண்டையும் கூட்டுங்கள். அந்தப் பணத்துக்கு வெளியே எந்த மாதிரி வண்டி கிடைக்கும்? யாரோ ஓட்டிய, வரலாறு தெரியாத வண்டிதானே. உங்கள் வண்டியின் கியர்பாக்ஸ், பிரேக், சஸ்பென்ஷன் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அதனால் முடிவு செய்யும் முன் வண்டியைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கதவுக்குக் கீழே ஓடும் சைடு மெம்பர், முன் சஸ்பென்ஷன் மேலே வந்து உட்காரும் இடம், சப்ஃபிரேம் போல்ட் பிடிக்கும் இடம் ஆகியவற்றில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் உடைக்கக் கொடுத்துவிடுங்கள். துருப்பிடித்த கூட்டுக்கு இன்ஜின் வாங்குவது வீண்.

பாடி நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

1.4 லிட்டர் ஆசையை இந்த முறை விட்டுவிடுங்கள். மவுண்டிங், வயரிங், இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இசியூ, திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர், சைலன்சர் பைப், ஆக்சில் என்று ஒவ்வொரு இடத்திலும் ஏதாவது ஒன்று பொருந்தாமல் நிற்கும். பதிவிலும் இன்சூரன்ஸிலும் வேறு கொள்ளளவைக் காட்டி அனுமதி வாங்க வேண்டி வரும். கையில் பணம் குறைவு என்கிறவர் தேட வேண்டியது அதே இன்ஜின் கோடு, அதாவது இன்ஜின் வகையைக் குறிக்கும் அதே எழுத்தும் எண்ணும், முடிந்தால் அதே வருடம். கோடு ஒன்றாக இருந்தாலும் கடைசி எழுத்து மாறினால் கவனம். நடுவில் மாடலைத் திருத்தும்போது கிராங்க் சென்சாரின் பல் எண்ணிக்கையை மாற்றியிருப்பார்கள், கேபிள் த்ராட்டிலை எலக்ட்ரானிக் ஆக்கியிருப்பார்கள், கேமில் வேரியபிள் டைமிங் சேர்த்திருப்பார்கள். வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும், மாட்டினால் ஸ்டார்ட் ஆகாது. ஆட்டோமேட்டிக் வண்டியிலிருந்து வந்த இன்ஜின் என்றால் பின்னால் ஃப்ளைவீல் இருக்காது, மெல்லிய ஃப்ளெக்ஸ் பிளேட்தான் இருக்கும். உங்கள் பழைய ஃப்ளைவீலை அதன் போல்ட்டோடு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இதனால்தான் சொல்கிறேன், வாங்கி வரும் இன்ஜின் ஓடத் தொடங்கும் வரை உங்கள் செத்த இன்ஜினை யாருக்கும் கொடுக்காதீர்கள். பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்கிறேன் என்பார்கள், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் வாங்கி வரும் இன்ஜினில் ஒரு பிராக்கெட் இருக்காது, டிப் ஸ்டிக் குழாய் வளைந்திருக்கும், ஏதோ ஒரு சென்சாரின் சாக்கெட் உடைந்திருக்கும். உங்கள் இன்டேக் மேனிஃபோல்ட், இன்ஜெக்டர், த்ராட்டில் பாடி, சென்சார்கள் எல்லாம் உங்கள் வயரிங்கோடு ஏற்கனவே ஒத்துப்போகிறவை. அவற்றை அப்படியே புது இன்ஜினுக்கு மாற்றிவிட்டால் எலக்ட்ரிகல் தலைவலியில் முக்கால்வாசி வராது.

பழைய இன்ஜின் வாங்குவதில் என் முதல் தேர்வு, பின்னால் இடி வாங்கிய வண்டியின் இன்ஜின். இடித்த அந்த நிமிடம் வரை அது ஓடிக்கொண்டிருந்திருக்க வாய்ப்பு அதிகம். முன்னால் இடி வாங்கியது என்றால் அடியில் ஆயில் தேங்கும் சம்ப், கிராங்க் புல்லி, மவுண்டிங் காதுகளைத் தடவிப் பார்க்க வேண்டும். வெள்ளத்தில் முழுகிய வண்டியின் இன்ஜின் எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம். செல்ஃப் மோட்டார் ஓரங்களிலும் பிராக்கெட் இடுக்குகளிலும் காய்ந்த வண்டல் ஒட்டியிருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

வண்டியிலேயே இருக்கும்போது ஸ்டார்ட் செய்து காட்டினால் நல்லது. பெரும்பாலும் கழற்றித் தரையில்தான் கிடக்கும். ஆயில் மூடியைத் திறந்து உள்ளே விரல் விட்டுத் துடையுங்கள். தேன் நிறம் என்றால் சந்தோஷம். கறுப்புத் தார் மாதிரி அப்பியிருந்தால் ஆயிலே மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள். பால் கலந்த டீ மாதிரி இருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது. தண்ணீர் ஹோஸ் மாட்டும் வாயைப் பாருங்கள். உள்ளே செங்கல் நிறத்தில் துரு படிந்திருந்தால் கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரிலேயே ஓட்டிய இன்ஜின். பிளாக்கில் சிறு நாணயம் போல ஒரு வில்லை ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இன்ஜின் விற்பவர்களில் சிலர் அதை ஒட்டி அனுப்புவார்கள். சுமார் 125 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதன் நடுப்பகுதி உருகி விழுந்துவிடும். நடுவில் ஓட்டை இருந்தால் அந்த இன்ஜின் ஒருமுறை கொதித்திருக்கிறது. உங்களுக்கு விற்கும் இன்ஜினிலும் ஒட்டித் தரலாம், பிற்பாடு நீங்கள் சூடாக்கினால் உத்தரவாதம் கிடையாது என்பதற்காக.

அப்புறம் கம்ப்ரஷன். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இன்ஜினோடு கியர்பாக்ஸ் சேர்ந்தே இருந்தால் செல்ஃப் மோட்டாரை மாட்டி ஒரு பேட்டரியும் ஜம்பர் கேபிளும் வைத்துத் தரையிலேயே சுற்றிப் பார்க்கலாம். நான்கு பிளக்கும் வெளியே, த்ராட்டில் முழுக்கத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று. கேஜ் காட்டும் எண்ணைச் சாக்பீஸால் பிளாக்கிலேயே எழுதுங்கள். இன்ஜின் ஆறியிருப்பதால் எண் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். நான்கும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருந்தால் போதும். ஒன்று மட்டும் குறைந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். ‘இது 60,000 கிலோமீட்டர்தான் ஓடியது’ என்று சொல்வதை நான் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

உத்தரவாதம் பற்றிக் கேளுங்கள், எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் இன்ஜினுக்கு மட்டும்தான் தருவார்கள். கழற்றி மாட்டும் கூலி உங்கள் தலையில்தான். ரசீதில் இன்ஜின் எண் இருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழில் இன்ஜின் எண் குறிக்கப்படும் இடங்களில், மாற்றிய எண்ணைப் பதிந்துவிட்டு இன்சூரன்ஸுக்கும் தெரிவிக்க வேண்டும். ரசீது இல்லாத இன்ஜின் திருட்டு வண்டியினுடையதாகக் கூட இருக்கலாம்.

வாங்கியாயிற்று. உடனே தூக்கி மாட்டிவிடத் தோன்றும், பொறுங்கள். இன்ஜினுக்குக் கொடுத்த பணத்தில் பாதியளவைத் தனியாக எடுத்து வையுங்கள் என்பது என் கணக்கு. டைமிங் பெல்ட் வகை என்றால் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றும் புதிது. பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும், வாங்கிய இன்ஜின் அன்றைக்கே போச்சு. கிராங்க் முன் சீல், பின் சீல், கேம் சீல், வால்வு கவர் கேஸ்கட், தெர்மோஸ்டாட், பிளக் எல்லாம் மாற்றுங்கள். கியர்பாக்ஸ் பிரிந்திருக்கும்போதே கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பாருங்கள். பாதி தேய்ந்திருந்தாலும் மாற்றிவிடலாம், கூலி மிச்சம்.

பின் சீலைப் பற்றி மட்டும் ஒரு சொந்தக் கதை. தொழிலுக்கு வந்த புதிதில் வாடிக்கையாளருக்குப் பணம் மிச்சம் பிடித்துத் தருகிறேன் என்று ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று பழைய சீலோடு ஒரு இன்ஜினை ஏற்றிவிட்டேன். நாலாம் நாள் வண்டி நின்ற இடத்தில் தட்டளவுக்கு ஆயில். மாதக்கணக்கில் தரையில் கிடந்த இன்ஜினின் ரப்பர் காய்ந்து விறைத்திருந்தது. உள்ளங்கை அகல வளையம் ஒன்றுக்காகக் கியர்பாக்ஸை மறுபடி இறக்கினேன். ஒரு நாள் முழுக்கப் போனது, கூலி கேட்க வாய் வரவில்லை.

இப்போது அந்த ஒழுகலுக்கு வருகிறேன். இன்ஜின் வெளியே இருக்கும்போது பானெட்டுக்கு அடியில் இடம் தாராளமாக இருக்கும், இதை அப்போதே பார்த்துவிடுங்கள். ரேடியேட்டரின் அலுமினிய நடுப்பகுதியும் இரு பக்கத்து பிளாஸ்டிக் டேங்கும் சேரும் மடிப்பில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்த கோடு தெரிகிறதா? 14 வருட ரேடியேட்டரில் முதலில் விடுவது அந்த மடிப்புதான். முன் சீட்டில் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட்டைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள். ஈரமாக, பிசுபிசுப்பாக இனிப்பு வாடையோடு இருந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. ஹோஸ்களை அமுக்கிப் பாருங்கள். கிளிப் பிடித்த இடத்தில் வெடிப்பு இருக்கும், இல்லாவிட்டால் ரப்பர் ஊறிப் புசுபுசுவென்று இருக்கும். ஃபேன் மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து நேராகக் கரன்ட் கொடுத்துச் சுற்றுகிறதா என்று பாருங்கள். பழைய தெர்மோஸ்டாட்டையும் தூக்கிப் போடும் முன் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்துப் பாருங்கள். பெரும்பாலானவை 82 முதல் 90 டிகிரிக்குள் திறக்கத் தொடங்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் வாயைத் திறக்கவில்லை என்றால் உங்களுக்கு ஒரு குற்றவாளி கிடைத்துவிட்டது. ரேடியேட்டர் மூடியையும் மாற்றுங்கள். கூலன்ட்டை ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தில் பிடித்து வைப்பது அதுதான். அந்த அழுத்தம் இருப்பதால்தான் கூலன்ட் 120 டிகிரி வரை கொதிக்காமல் தாங்குகிறது. பணம் எங்காவது கூடுதலாகப் போகட்டும் என்றால், அது ரேடியேட்டருக்குப் போகட்டும். இந்த ஒரு சாமானைப் பழையதாக வாங்க வேண்டாம்.

நீங்களும் அக்கா மகனும் செய்யலாமா என்று கேட்டீர்கள். செய்யலாம், ஆனால் அவசரம் இருக்கக் கூடாது. பழகிய இரண்டு பேருக்கு இரண்டு நாள் வேலை. உங்களுக்கு நாலு சனி ஞாயிறு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் மட்டும் 100 கிலோ அளவில் இருக்கும், கியர்பாக்ஸ் இன்னொரு 30, 40. இன்ஜின் கிரேனை வாடகைக்கு எடுங்கள். இன்ஜின் செயினில் தொங்கும்போது யாரும் அதன் அடியில் கை, கால், தலை எதையும் நீட்டக் கூடாது. வண்டி ஸ்டாண்டில் நிற்க வேண்டும், ஜாக்கை நம்பி அடியில் படுக்காதீர்கள். கழற்றும் ஒவ்வொரு சாக்கெட்டிலும் ஒட்டு நாடா ஒட்டி எண் போடுங்கள், கழற்றும் முன் போனில் படம் எடுங்கள். போல்ட்டுகளை ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள். அட்டையில் அந்தப் பாகத்தை வரைந்து, அதே இடத்தில் துளை போட்டுச் செருகி வையுங்கள். ஏசி கம்ப்ரசரின் குழாயைக் கழற்றவே வேண்டாம். கம்ப்ரசரை மட்டும் அவிழ்த்து ஓரமாகக் கட்டிவிட்டால் கேஸ் அப்படியே இருக்கும். பெட்ரோல் லைனைத் தொடும் முன் அழுத்தத்தை இறக்குங்கள்.

ஏற்றும்போது, இன்ஜினோடு சேரும் கியர்பாக்ஸ் கூடான பெல் ஹவுசிங்கை நேராக நிறுத்தும் இரண்டு டவல் பின்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய இன்ஜினிலேயே தங்கிப் போயிருக்கும். கிளட்ச் பிளேட்டை அலைன்மென்ட் டூல் வைத்து நடுவில் நிறுத்துங்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் கையால் தள்ளியே முகத்தோடு முகம் சேர வேண்டும். சேரவில்லை என்று போல்ட் போட்டு இழுத்தீர்களானால் ஹவுசிங் காது உடையும். பின்வாங்கி, கிராங்க்கைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி முயற்சி செய்யுங்கள். பொறுமை போகும் இடம் இதுதான், ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

எல்லாம் மாட்டியதும் எர்த் ஸ்ட்ராப்பைத் தேடுங்கள். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் ஓடும் சடை போன்ற கம்பி. முதல் முறை செய்கிறவர்கள் அடிக்கடி மறப்பது அதைத்தான். அது இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழி தேடி கிளட்ச் கேபிள் வழியாகப் போகும். கேபிள் உறை புகைந்து உருகுவதைப் பார்த்தபிறகு தெரிந்துகொள்வதைவிட முன்பே பார்த்துவிடலாம்.

முதல் ஸ்டார்ட்டுக்கு அவசரப்படாதீர்கள். ஆயிலும் ஃபில்டரும் புதிது. பிளக் போடாமல், இன்ஜெக்டர் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை பத்துப் பத்து விநாடியாகச் செல்ஃபில் சுற்றுங்கள். அணைந்த பிறகுதான் பிளக். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து மெதுவாக ஊற்றுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ரேஸ் செய்து பார்க்கும் ஆசை வரும், வேண்டாம். சும்மா ஓட விட்டு, ஃபேன் தானாக இரண்டு முறை ஓடி நிற்கும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள். அதுவரை ஹீட்டர் சூடாகக் காற்று விட வேண்டும். குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே எங்கோ காற்று அடைத்திருக்கிறது என்று அர்த்தம். 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை ஒருமுறை மாற்றிவிட்டு, ஃபில்டரை மறுபடி அறுத்துப் பாருங்கள்.

மறுநாள் காலை இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் டப்பாவில் மட்டம் நிற்கும் இடத்தில் ஒரு துண்டு ஒட்டு நாடா ஒட்டுங்கள். தினமும் சாவியைத் திருப்பும் முன் பானெட்டைத் தூக்கி அதை ஒரு பார்வை பாருங்கள். முதல் இரண்டு நாளில் அடைபட்ட காற்று வெளியேறிக் கொஞ்சம் இறங்கும், நிரப்பிக்கொள்ளலாம். அதற்கப்புறம் ஒரு மாதம் அந்த நாடாவைவிட்டுக் கீழே போகவில்லை என்றால், மூலையில் கிடக்கும் பழைய இன்ஜினை எடைக்குப் போட ஆள் கூப்பிடலாம்.